வண்டிக்கு உடம்பு சூடு

என் கணவரைப் பொறுத்தவரை உலகத்தில் வரும் எல்லாக் கோளாறுக்கும் காரணம் ஒன்றுதான்: சூடு. கண் சிவந்தால் சூடு. வாயில் புண் வந்தால் சூடு. வயிறு வலித்தால் சூடு, தலைமுடி கொட்டினால் சூடு, எனக்குக் கோபம் வந்தால் அதுவும் சூடு. மத்திய அரசு வேலையில் மாற்றலாகிக் கல்கத்தாவுக்கு வந்தபோது மதுரை வெயிலையும் கையோடு கொண்டுவந்துவிட்டார். சனிக்கிழமை தவறாமல் எண்ணெய்க் குளியல், காலையில் மோரில் ஊறிய வெந்தயம், படுக்கப் போகும்போது உள்ளங்காலில் விளக்கெண்ணெய். பவானிபூரில் நாங்கள் குடியிருந்த கீழ்வீட்டுக்குள் மாடியிலிருந்து கடுகெண்ணெய் வாசம் வந்தாலே ஜன்னலைச் சாத்துவார். அதுவும் சூடாம்.

எங்கள் தெருக்காரர்களுக்கு இது நேர்மாறு. அவர்களுக்கு எல்லாமே குளிரால் வருவது. தீபாவளியை ஒட்டி வரும் காளி பூஜை முடிந்த கையோடு குழந்தைகளின் தலையில் குரங்குக் குல்லா ஏறிவிடும். மின்விசிறியை ஒரு எண் கூட்டி வைத்தால் போதும், "டாண்டா லேகே ஜாபே" என்பார்கள். குளிர் பிடித்துக்கொள்ளும் என்று அர்த்தம். நான் கரக்பூர் ரயில்வே குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவள். எனக்கு வீட்டுக்குள் சூடு பிடிக்கும், வாசலைத் தாண்டினால் குளிர் பிடிக்கும். இரண்டுக்கும் நடுவே தப்பிப் பிழைத்து, பௌதிகத்தில் பட்டம் வாங்கி, ஆசிரியர் பயிற்சியும் முடித்து, கல்யாணம் செய்துகொண்டேன். அதற்குப் பிறகு எனக்கு வாய்த்த உத்தியோகம் மொழிபெயர்ப்பு.

அவருக்கு வங்காளம் வரவில்லை. வரவேண்டிய அவசியமும் இல்லை, நான் இருக்கிறேனே. மீன்காரனிடம் வேண்டாம் என்று சொல்ல நான், மின்சார ஆபீசில் சண்டை போட நான், வீட்டுக்காரரிடம் தண்ணீர் வரவில்லை என்று முறையிட நான். அவர் தமிழில் சொல்வார், நான் வங்காளத்தில் சொல்வேன். பதில் வரும், திருப்பிச் சொல்வேன். நடுவில் என் கருத்து என்று ஒரு வார்த்தை சேர்த்தால் உடனே கண்டுபிடித்துவிடுவார். என் வாக்கியம் அவருடையதைவிட நீளமாக இருக்கும் அல்லவா? "நான் சொன்னதை மட்டும் சொல்லு" என்பார். எத்தனை தடவை கேட்டிருப்பேன் இதை. இப்போது எழுதும்போதும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் அந்தக் கார் வந்தது. அலிப்பூரில் ஏதோ ஒரு பழைய கம்பெனி பங்களாவின் கொட்டகையில், கோழிகள் அடைந்துகொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரக் காலத்து ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இருக்கை, கிழிந்த கான்வாஸ் கூரை, ஒருகாலத்தில் சிவப்பாக இருந்த பெயிண்ட். முழங்கால் மோவாயில் இடிக்கிற மாதிரிதான் உட்கார முடியும். புடவையோடு ஏறி இறங்குவது ஒரு வித்தை. மனிதருக்குச் சிறு வயதிலிருந்தே ஆசையாம். ஆசைப்படட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் யானையைக் கட்டித் தீனி போடுவது என்பார்களே, அதை அந்த வருஷம் கண்ணால் பார்த்தேன்.

கார் ஓடியது. ஓடியது என்றால் காளிகாட் வரை போய்த் திரும்பும். அங்கே கோயில் கூட்டத்தில் ஊர்ந்து ஊர்ந்து போகும்போது முன்னால் ரேடியேட்டர் கொதிக்கும், இன்ஜின் விக்கும், புகை கறுப்பாக வரும். ரேடியேட்டர் கொதிப்பது ஒரு வியாதி, இன்ஜின் விக்குவது வேறு வியாதி. எனக்கு அது தெரியும். கல்லூரிக்குப் போக என்னிடம் ஒரு மொபெட் இருந்தது. அது காலையில் கிளம்பாமல் சண்டித்தனம் செய்யும்போதெல்லாம் பிளக்கைக் கழற்றி, கரியை உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி முடுக்கிவிட்டுத்தான் வகுப்புக்கு ஓடுவேன். கரி பிடித்த பிளக் எப்படி இருக்கும் என்று என் விரல்களுக்குத் தெரியும். ஆனால் என் கணவர் பானெட்டைத் திறந்தார், கையை வைத்துப் பார்த்தார், தீர்ப்பைச் சொன்னார்.

"வண்டிக்கு உடம்பு சூடு."

அந்தச் சமயத்தில்தான் எனக்கு இன்டர்வியூ கடிதம் வந்திருந்தது. கங்கைக்கு அக்கரையில், சாந்த்ராகாச்சியில் ஒரு பள்ளிக்கூடம். பௌதிக ஆசிரியை வேலை. வங்காளத்திலும் ஆங்கிலத்திலும் பாடம் எடுக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். எனக்கென்றே எழுதிய விளம்பரம் போல இருந்தது. அந்த வருஷத்தோடு எனக்கு வயது வரம்பு முடிகிறது. அதை விட்டால் வேறு இல்லை. ஒரு வகுப்பறை முன்னால் நின்று நானாக யோசித்ததை நானாகச் சொல்ல வேண்டும், அதை வரிசையாக உட்கார்ந்து கேட்பார்கள் என்று நினைத்து நினைத்து அந்தக் கடிதத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துப் படித்தேன். ஒரு வேலைக்கு அவ்வளவு ஆசைப்படலாமா என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

பஸ்ஸில் போய்விடுகிறேன் என்றேன். அவர் கேட்கவில்லை.

"வீட்ல ஸ்போர்ட்ஸ் காரை நிப்பாட்டிட்டு நீ பஸ்ல தொங்கிட்டுப் போவியா? பாக்குறவன் என்ன சொல்லுவான்? புதுப் பிளக்கு, புது ஒயரு போட்டுருவோம். புதுப் பாலத்துல ஏறுனா சல்லுனு போயிரும். உன் இன்டர்வியூக்காகத்தான இதெல்லாம் செய்றேன்."

எனக்காகத்தான். இந்த வார்த்தையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மல்லிக் பஜாருக்குப் போனோம். பழைய வண்டிகளைப் பிரித்துப் போட்டு விற்கிற இடம். நடைபாதை முழுக்க எண்ணெய்க் கறுப்பு, தலைக்கு மேல் தோரணம் மாதிரி கேஸ்கெட்டுகள், சுவரில் சாய்த்து வைத்த கார்க் கதவுகள். பழைய பிளக்குகள் நான்கையும் பேப்பரில் சுற்றி என் கைப்பையில் வைத்திருந்தேன். பையும் கறுத்துப்போனது.

முக்கால்வாசிக் கடைகள் மூடியிருக்க, நாங்கள் கண்டுபிடித்த ஒன்றில் கடைக்காரர் மேஜைமேல் காலை நீட்டிக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். வேண்டியதைச் சொன்னேன். "தார் லாக்பே?" என்று கேட்டார். ஒயரும் வேண்டுமா என்கிறார். நான் பதில் சொல்வதற்குள் என் கணவர் குறுக்கே வந்தார்.

"தார் எதுக்கு? நாம என்ன ரோடா போடப்போறோம்? பிளக்கை எடுக்கச் சொல்லு."

வங்காளத்தில் தார் என்றால் கம்பி, ஒயர் என்று விளக்கினேன். அவருக்குச் சிரிப்பு வந்தது, எனக்கும் வந்தது. அன்று நாங்கள் சேர்ந்து சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

ஒயர் விஷயம் சீக்கிரம் முடிந்தது. பழையது ரப்பர் வெடித்து, மழைக்காலத்தில் நீலப் பொறி பறந்துகொண்டிருந்தது. எனக்குச் சாதாரணக் கறுப்பு ஒயரே போதும் என்று தோன்றியது. அவர் தடிமனான சிவப்பு ஒயரை எடுத்தார், காருக்குப் பொருத்தமாக இருக்குமாம். கோபத்துக்காகப் பொய் சொல்ல மாட்டேன், அந்த ஒயர் நல்ல ஒயர். கடைசிவரை அதனால் ஒரு தொந்தரவும் வரவில்லை.

பிளக்கில்தான் வந்தது வினை. பிளக்கில் சூடு என்றும் குளிர் என்றும் இரண்டு சாதி உண்டு. தன் முனையில் ஏறும் சூட்டைச் சீக்கிரம் இன்ஜின் உடம்புக்கு இறக்கிவிடுவது குளிர் பிளக். மெதுவாக இறக்குவது சூடு பிளக். அவ்வளவுதான். சூடு பிளக் போட்டால் இன்ஜின் சூடாகாது, குளிர் பிளக் போட்டால் இன்ஜின் குளிராது. பந்தயத்தில் பறக்கிற வண்டிக்குக் குளிர் பிளக் வேண்டும். காளிகாட் சந்தில் ஊர்கிற வண்டிக்கு அதைப் போட்டால், முனை கரியை எரிக்கிற அளவுக்குச் சூடேறாமல் கரி கட்டி, பொறி வராமல் நின்றுவிடும். எங்கள் பழைய பிளக்குகளே அட்டைக்கரியாக இருந்தன. அதைவிடச் சூடான பிளக்தான் எங்களுக்கு வேண்டும் என்று அவை வாயைத் திறந்து சொல்லாத குறை.

கடைக்காரர் இரண்டு சாதியையும் எடுத்துப் பரப்பினார். ஒரு கம்பெனியில் எண் கூடினால் குளிர், இன்னொரு கம்பெனியில் எண் கூடினால் சூடு. எது எது என்று நான் விசாரித்துக்கொண்டிருக்கும்போதே என் கணவர் மூக்கை நுழைத்தார்.

"இதுல குளிர்ச்சியானது எது? அதைக் கேளு."

"நமக்குக் குளிர் பிளக் வேணாங்க. கரி பிடிச்சிருக்கு பாருங்க. சூடு பிளக்தான் சரி."

"ஏற்கெனவே வண்டி கொதிக்குது. அதுல கொண்டுபோய்ச் சூடு பிளக்கை வைக்கச் சொல்றியே. காய்ச்சக்காரனுக்குக் கம்பளி போத்துவியா?"

"காய்ச்சல் வேற, இது வேற. சூட்டைக் கடத்துறதுதான் இங்க விஷயம். நான் படிச்சதுதானங்க இது."

"படிப்பு வேற, அனுபவம் வேற. நான் சொன்னதை மட்டும் சொல்லு."

நான் கடைக்காரரிடம் திரும்பி வங்காளத்தில் சொன்னேன்: அவர் குளிர் பிளக் கேட்கிறார், ஆனால் இந்த வண்டிக்குச் சூடு பிளக்தான் வேண்டும், இந்தக் கரியைப் பாருங்கள். அதோடு விடவில்லை. வங்காளியின் பலவீனம் எனக்குத் தெரியாதா? "டாண்டா லேகே ஜாபே, தாதா" என்றேன். வண்டிக்கு ஜலதோஷம் பிடித்துவிடும், அண்ணா என்று. கடைக்காரர் சிரித்தார். நன்றாகச் சிரித்தார். பிறகு என்னைத் தாண்டி என் கணவரைப் பார்த்து, கைவிரலால் காற்றில் ஸ்டியரிங்கைத் திருப்பிக் காட்டி, "ஸ்போர்ட்ஸ் கார்? கோல்ட், கோல்ட். பெஸ்ட்" என்றார். என்னிடம் திரும்பி, "பௌதி, இதென்ன சமையலா?" என்று கேட்டார். பௌதி என்றால் அண்ணி. மரியாதைக்குக் குறைச்சல் இல்லை.

என் கணவருக்கு அந்த ஆங்கிலம் புரிந்துவிட்டது. வேலிக்கு ஓணான் சாட்சி. இருவரும் பல வருஷப் பழக்கம் போலத் தலையாட்டிக்கொண்டார்கள். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது, நடுவில் நான் தேவைப்படவும் இல்லை.

"இப்பச் சொல்றான் பாரு. நீ என்னமோ டாண்டா டாண்டானு பயமுறுத்துனியே, என்ன அது?"

"குளிர் பிடிச்சுக்கும்னு சொன்னேன்."

"நீயும் இவங்கள மாதிரி குரங்குக் குல்லா கேஸாயிட்ட" என்று சொல்லிவிட்டுப் பணத்தை எடுத்தார்.

வீடு வரும்வரை நான் பேசவில்லை. இதுவும் சூட்டினால் வந்தது என்று நினைத்தாரோ என்னவோ, வழியில் இளநீர் வாங்கிக் கொடுத்தார். குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது. அதனால் இன்னும் ஆத்திரமாக வந்தது.

இன்டர்வியூ அன்று காலையில் வண்டி சாவியைத் திருப்பியதுமே கிளம்பியது. "பாத்தியா?" என்றார். நான் மடிப்புக் கலையாமல் உட்காரப் பார்த்துக்கொண்டிருந்தேன். சான்றிதழ்க் கட்டை மடியில் வைத்திருந்தேன். ரேஸ்கோர்ஸ் பக்கம் வரும்வரை எல்லாம் சரி. அதற்குப் பிறகு நெரிசல். பாலத்துக்கு ஏறும் வளைவில் லாரிகள், பஸ்கள், அவற்றுக்கு நடுவில் முழங்கால் உயரத்துக்கு எங்கள் கார். ஒரு முழம் நகரும், நிற்கும். ஒரு முழம் நகரும், நிற்கும். முதலில் ஒரு இருமல் கேட்டது. பிறகு ஒரு உதறல். நான்கு பிளக்கில் ஒன்று போய்விட்டது என்று எனக்குத் தெரிந்தது. பாலத்தின் ஏற்றத்தில் இரண்டாவதும் போனது. உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி அப்படியே உயிரை விட்டது.

"பெட்ரோல்ல கலப்படம்" என்றார்.

ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம். "பிளக்கைக் கழட்டித் துடைச்சா கொஞ்ச தூரம் போகும், ஸ்பேனரைக் குடுங்க, நான் பண்றேன்" என்றேன். ஸ்பேனர் இல்லை. புதுப் பிளக்காச்சே, எதற்குப் பாரம் என்று டூல் பையை வீட்டில் இறக்கி வைத்துவிட்டு வந்திருந்தார். அவர் பானெட்டைத் திறந்து உள்ளே ஊதினார். நிஜமாகவே ஊதினார், ஆற வைக்கிற மாதிரி. பின்னால் இருந்த பஸ்களெல்லாம் ஹாரன் அடித்தன. கீழே கங்கை நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தது.

வெள்ளைச் சட்டையில் ஒரு போக்குவரத்துப் போலீஸ் சார்ஜென்ட் மோட்டார் சைக்கிளில் வந்து நின்று, என்ன ஆச்சு, நடுப்பாலத்தில் ஏன் நிறுத்தினீர்கள் என்று வங்காளத்தில் கேட்டார்.

என் கணவர் பானெட்டுக்குள்ளிருந்து தலையை எடுக்காமல், "பெட்ரோல் சரியில்ல, அஞ்சே நிமிஷம்னு சொல்லு" என்றார்.

நான் சார்ஜென்டிடம் சொன்னேன். சாந்த்ராகாச்சியில் எனக்கு இன்டர்வியூ இருக்கிறது. இந்த வண்டி இனி நகராது. "ஏக்டா பாஸ் தாமியே தின்" என்றேன். ஒரு பஸ்ஸை நிறுத்திக் கொடுங்கள் என்று. அவர் காரைப் பார்த்தார், என் கையிலிருந்த சான்றிதழ்க் கட்டைப் பார்த்தார், கையைத் தூக்கி ஒரு பஸ்ஸை நிறுத்தினார். கண்டக்டர் என் முழங்கையைப் பிடித்து ஏற்றிவிட்டார்.

அப்போதுதான் என் கணவர் தலையை வெளியே எடுத்தார். "ஏய், நீ எங்க போற? இந்தாள்ட்ட யாரு பேசுறது?" என்று கத்தினார். இன்டர்வியூவுக்கு நேரமாகிவிட்டதே என்று கத்தவில்லை. பஸ் நகர்ந்துவிட்டது.

பள்ளிக்கூடத்துக்கு நான் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது வராந்தாவில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். தலைமை ஆசிரியை மட்டும் அறையில் இருந்தார். கண்ணியமான மனுஷி, உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். கேள்வி கேட்க வந்தவர்கள் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள், தான் ஒருத்தியாக ஒன்றும் செய்ய முடியாது என்றார். ஏன் தாமதம் என்று கேட்டார். பாலத்தில் கார் நின்றுவிட்டது என்றேன்.

"காரா?" என்றார்.

மற்றவர்கள் எல்லோரும் லோக்கல் ரயிலிலும் பஸ்ஸிலும் வந்து நேரத்துக்குக் காத்திருந்தவர்கள். அவர் என் புடவையைப் பார்த்தார், கையில் இருந்த வளையலைப் பார்த்தார். காரில் வருகிறவளுக்கு வேலை எதற்கு என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். ஸ்போர்ட்ஸ் கார் என்று வேறு சொல்லவில்லையே என்று வெளியே வந்து நினைத்துக்கொண்டேன். ரயில்வே யார்டு ஓரமாக நடந்து பஸ் நிறுத்தத்துக்கு வரும்வரை அழுதேன். கூட்ஸ் வண்டிகள் இடித்துக்கொள்ளும் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கார் வாசலில் நின்றது. பாலத்தின் டோல்கேட் பக்கமிருந்து யாரோ ஒரு மெக்கானிக் வந்து, பிளக்கைக் கழற்றிக் கரியைக் காட்டியிருக்கிறார். என் கணவர் என்னைப் பார்த்ததும் சோபாவிலிருந்து எழுந்தே வந்துவிட்டார். முகமெல்லாம் வெளிச்சம்.

"நான் கண்டுபிடிச்சிட்டேன். நம்ம ஓட்டுற வேகத்துக்குச் சூடு பிளக்தான் போடணும். குளிர் பிளக்குன்னா கரி பிடிச்சிரும். சயின்ஸு."

நான் சமையலறைக்குப் போய் உலை வைத்தேன்.

அந்தக் கார் எங்களோடு ரொம்ப வருஷம் இருந்தது. இரண்டாயிரத்துக்குப் பிறகு அதற்குப் புதிதாகச் சிவப்பு அடித்து, குளிர்காலத்தில் பழைய கார்கள் ஊர்வலத்துக்கெல்லாம் கொண்டுபோனார். நான் வீட்டில் பக்கத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தேன். வீட்டுக்கு எந்தத் தமிழ்க் குடும்பம் வந்தாலும் சாப்பாடு முடிந்ததும் பிளக் கதை வந்துவிடும். பாலத்தின் உச்சியில் வண்டி நின்றது, பாஷை தெரியாமல் சார்ஜென்டிடம் கையாட்டிப் பேசியது, கரியைப் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடித்தது. நன்றாகச் சொல்வார். வந்தவர்கள் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். கதையில் நானும் உண்டு, பாதி வழியில் அவரை விட்டுவிட்டு பஸ் ஏறி ஓடியவளாக. அந்த இடத்தில்தான் சிரிப்பு அதிகம். நான் பாயசக் கிண்ணங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவேன்.

ஒரு பொங்கலுக்கு, துறைமுகத்தில் புதிதாக வேலைக்கு வந்த ஒரு பையனும் அவன் மனைவியும் வந்திருந்தார்கள். கல்யாணமாகி அவள் கல்கத்தாவுக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. கதையை எல்லோரையும் போலத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆனால் சிரிப்பு அடங்கியதும், "அன்னைக்கு ரெண்டு பேரும் எங்க போயிட்டிருந்தீங்க மாமா?" என்று கேட்டாள்.

இத்தனை வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி அது.

அவர் யோசித்தார். "எங்கயும் இல்லம்மா. புதுப் பிளக்கு போட்டமா, சும்மா காத்தாட ஒரு ரவுண்டு" என்றார்.

கிண்ணங்களைக் கீழே வைத்தேன். "சாந்த்ராகாச்சிக்கு" என்றேன். "எனக்கு இன்டர்வியூ இருந்துச்சு. டீச்சர் வேலை. இவர் வாங்குன பிளக்கால போச்சு."

அந்தப் பெண் தட்டைப் பார்த்துக்கொண்டாள். என் கணவர் என் பக்கம் திரும்பினார்.

"எந்த இன்டர்வியூ?" என்றார்.

நடிக்கிறாரா என்று அவர் முகத்தை உற்றுப் பார்த்தேன். நடிக்கவில்லை.